ஊர் எழுதும் சரித்திரம்: அமெரிக்க வழியோரப் பலகைகளும் போர் நினைவுக் கற்களும்

சரித்திரம் என்றவுடன் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது பாடநூலாகும். அரசர் பெயர்களும் போர் நிகழ்ந்த ஆண்டுகளும் நிறைந்த தடித்த நூலொன்று நம் மனக்கண்முன் வந்து நிற்கும். அமெரிக்க ஐக்கிய நாட்டிலோ சரித்திரம் வீதியோரத்திலும் எழுதப்பட்டிருக்கிறது. அந்நாட்டின் நெடுஞ்சாலைகளிலே மோட்டார் வண்டியிற் செல்வோர், வயலோரத்திலும் பாலத்தருகிலும் கம்பத்தின்மேல் நிற்கும் உலோகப் பலகைகளைக் காண்பர். இவ்விடத்தில் இன்னது நிகழ்ந்தது என்று சில வரிகளில் அவை கூறும். ஊருக்குள் நுழைந்தால், நீதிமன்றத்தின் முன்றிலிலோ ஊர்நடுவேயுள்ள புற்றரையிலோ போர்வீரன் ஒருவனின் சிலை நிற்கும். அதன் பீடத்திலே, அவ்வூரிலிருந்து போருக்குச் சென்று மீளாதவர்களின் பெயர்கள் வரிசையாகப் பொறிக்கப்பட்டிருக்கும்.

பழந்தமிழரும் வழியோரங்களிலே நடுகல் நாட்டி, இறந்துபட்ட வீரனுடைய பெயரையும் பெருமையையும் அதில் எழுதிவைத்தனர் என்பதை இலக்கியம் பயிலும் மாணவர் அறிவர். ஆதலின் இவ்வழக்கம் நமக்கு விளங்காத ஒன்றன்று. எனினும் அமெரிக்க ஊர்களின் கற்களையும் பலகைகளையும் கூர்ந்து நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலனாகும். அவற்றுள் ஒவ்வொன்றும் இரண்டு காலங்களைப்பற்றிப் பேசுகின்றது. நிகழ்ச்சி நடந்த காலம் ஒன்று. அதனை நினைவுகூர்ந்து கல் நாட்டிய காலம் மற்றொன்று. யார் நாட்டினர், எப்பொழுது நாட்டினர் என்று வினாவாமல் அக்கல்லின் வாசகத்தை நாம் முற்றாக விளங்கிக்கொள்ள முடியாது. இதனைச் சில உதாரணங்கொண்டு ஆராய்வோம்.

பலகைகள் பிறந்த கதை

மோட்டார் வண்டி பெருகிய காலத்திலேதான் வீதியோரப் பலகைகளும் பெருகின. 1920ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவெங்கும் நல்ல சாலைகள் அமைக்கப்பட்டன. நடுத்தரக் குடும்பத்தினரும் விடுமுறை நாட்களில் வண்டியேறி நாட்டைச் சுற்றிப்பார்க்கத் தலைப்பட்டனர். அவர்களைத் தம் பகுதிக்கு ஈர்க்கவும், கடந்துசெல்லும் நிலத்தின் கதையை அவர்களுக்கு அறிவிக்கவும் மாநில அரசுகள் விரும்பின. வேர்ஜினியா மாநிலம் 1927இல் இம்முயற்சியைத் தொடங்கி, வாஷிங்டனுக்கும் றிச்மண்டுக்கும் இடையேயுள்ள சாலையில் முதற் பலகைகளை நிறுவியது. வெள்ளி நிறப் பலகையிலே கரிய எழுத்துக்கள் அமைந்த அவ்வடிவம் இன்றும் மாறவில்லை. இப்பொழுது அம்மாநிலத்தில் மாத்திரம் 2,600க்கு மேற்பட்ட பலகைகள் உள்ளன.

ஏனைய மாநிலங்களும் தத்தமக்குரிய நிறத்தையும் வடிவத்தையும் வகுத்துக்கொண்டன. பென்சில்வேனியாவின் பலகைகள் நீல நிறமும் பொன்னெழுத்தும் உடையவை. அவை 1946 முதல் நிறுவப்பட்டு வருகின்றன. மெக்சிக்கோவிலிருந்து பிரிந்து சுதந்திரம் பெற்ற நூறாவது ஆண்டை 1936இற் கொண்டாடிய டெக்சாஸ் மாநிலம், அப்பொழுது கருங்கற் சின்னங்கள் பலவற்றை நாட்டியது. இன்று அங்கேயுள்ள சரித்திரக் குறிப்புப் பலகைகள் 16,000க்கு மேற்பட்டவை.

ஒரு பலகையில் அடங்கக்கூடியவை ஏறத்தாழ நூறு சொற்களே. ஒரு போரையோ ஒரு மனிதனின் வாழ்நாள் முழுவதையுமோ நூறு சொற்களிற் சுருக்கும்போது, எதனைச் சொல்வது எதனை விடுவது என்று யாரோ ஒருவர் தீர்மானித்தேயாதல் வேண்டும். அவ்வாறு தீர்மானித்தவர் யார் என்பதற்கும் பல பலகைகளிலே சான்று உண்டு. அடியிலே சிறிய எழுத்துக்களில், அதனை நிறுவிய சபையின் பெயரும் நிறுவிய ஆண்டும் காணப்படும். வழிப்போக்கர் பெரும்பாலும் அவ்வரியை வாசிப்பதில்லை. சரித்திர மாணவன் முதலில் வாசிக்கவேண்டியது அவ்வரியையே எனலாம்.

பாலத்தின் இரு கரைகள்

மாசச்சூசெற்ஸ் மாநிலத்திலே கொன்கோட் என்னும் ஊர் உண்டு. 1775ஆம் ஆண்டு ஏப்பிரல் 19ஆந் தேதி, அவ்வூரின் வடபாலத்தருகே குடியேற்ற நாட்டு விவசாயிகள் ஆங்கிலப் படையை எதிர்த்து நின்று சுட்டனர். அமெரிக்கச் சுதந்திரப் போரின் தொடக்க நிகழ்ச்சிகளுள் இஃது ஒன்றாகும். நிகழ்ந்து அறுபது ஆண்டுகளுக்குப் பின்னரே அங்கே நினைவுக் கற்றூண் எழுந்தது. அதிற் பொறிக்கப்பட்ட ஆண்டு 1836. பின்னர், நூறாவது ஆண்டாகிய 1875இல், பாலத்தின் மறுகரையிலே டானியல் செஸ்ரர் பிரெஞ்ச் என்னும் இளஞ்சிற்பி வடித்த விவசாய வீரனின் சிலை திறந்துவைக்கப்பட்டது. ஒரு கையிலே துப்பாக்கி; மறுகை கலப்பையின்மீது. அரசனையோ தளபதியையோ காட்டாமல், உழவைப் பாதியில் விட்டு எழுந்த ஒருவனையே அச்சிற்பி காட்டினார். வாஷிங்டனிலே ஆபிரகாம் லிங்கனின் பெருஞ்சிலையைப் பிற்காலத்தில் ஆக்கியவரும் இவரே.

கற்றூணின் அருகே மற்றொரு காட்சியும் உண்டு. அன்றைய சண்டையில் இறந்த ஆங்கிலப் போர்வீரரின் புதைகுழி அங்கேயே பேணப்பட்டு, அதற்கும் நினைவுக் குறிப்பு வைக்கப்பட்டிருக்கிறது. வென்ற ஊர், தன்மேல் படையெடுத்து வந்தவனும் ஒரு தாயின் மகனே என்பதை மறக்கவில்லை. நினைவுச் சின்னம் பகையை வளர்த்தற்கே உரியதென்று எண்ணுவோர் இவ்விடத்தைச் சற்றே நினைத்தல் நன்று.

வீரன் சிலை விலைக்கு வந்தது

1861 முதல் 1865 வரை நிகழ்ந்த உள்நாட்டுப் போரே அமெரிக்க ஊர்களைக் கற்சிலைகளால் நிரப்பியது. அப்போரிலே ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட வீரர் மாண்டனர். தூரத்துப் போர்க்களங்களிற் புதையுண்ட பலருடைய உடல்கள் வீடு வந்து சேரவேயில்லை. தாய்மாரும் மனைவிமாரும் மலர் வைத்து அழுதற்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. ஊர்நடுவே நின்ற கல் அவர்களுக்குப் புதைகுழியின் தானத்தில் இருந்தது.

தேவை பெருகவே வணிகமும் புகுந்தது. கனெக்ரிக்கற் மாநிலத்தின் பிறிட்ஜ்போர்ட் நகரிலிருந்த மொனுமென்ரல் புறோன்ஸ் கம்பனி, துத்தநாகத்தில் வார்த்த வீரர் சிலைகளை விலைப்பட்டியல் அச்சிட்டு விற்றது. வெண்கலத்தினும் மலிவான அச்சிலைகளைச் சிற்றூர்களும் வாங்கக்கூடியதாயிருந்தது. துப்பாக்கியை ஊன்றி நிற்கும் வீரனுருவம் வடக்கிலும் விற்பனையாயிற்று, தெற்கிலும் விற்பனையாயிற்று. உயிரோடிருந்தபோது ஒருவரையொருவர் சுட்ட இருதரத்தாரும், ஒரே தொழிற்சாலையில் வார்க்கப்பட்டு வெவ்வேறு ஊர்களிற் சிலையாய் நின்றனர்.

ஆயினும் இருபகுதியிலும் சிலை எழுந்த காலம் ஒன்றன்று. தென்மாநிலங்களின் நீதிமன்ற முன்றில்களில் நிற்கும் சிலைகளுட் பெரும்பாலானவை போர் முடிந்தவுடன் எழுந்தவையல்ல. 1900ஆம் ஆண்டையடுத்த இருபது ஆண்டுகளிலேயே அவை மிகுதியாக எழுந்தன. கறுப்பினத்தவரின் வாக்குரிமையைப் பறித்து, பாடசாலையிலும் புகைவண்டியிலும் அவர்களை வேறாக்கி வைத்த சட்டங்கள் வேரூன்றிய காலம் அதுவேயாகும். நீதி தேடி நீதிமன்றத்துக்கு வரும் கறுப்பினத்தான் ஒருவன், தன்னை அடிமையாக வைத்திருக்கும் பொருட்டுப் பிரிந்த அரசின் வீரன் சிலையைக் கடந்தே உட்செல்ல வேண்டியிருந்தது. சிலையின் பீடத்திலே போர் நடந்த ஆண்டுகள் மாத்திரம் இருப்பின் இவ்வுண்மை தெரியாது. சிலை வைத்த ஆண்டையும் சேர்த்து நோக்கினாலன்றோ தெரியும்!

இறந்த வீரரை மலர்தூவி வணங்கும் நாள் பிறந்த வரலாற்றிலும் இத்தகைய மறதி உண்டு. 1868ஆம் ஆண்டு மே 30ஆந் தேதியை அதற்குரிய நாளாக ஜெனரல் ஜோன் லோகன் அறிவித்தார். 1971 முதல் மே மாதத்தின் கடைசித் திங்கட்கிழமையில் அது தேசிய விடுமுறையாக நடைபெறுகின்றது. ஆனால் 1865ஆம் ஆண்டு மே முதல் நாளிலேயே, தென் கரோலினாவின் சார்ள்ஸ்ரன் நகரில், விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் ஆயிரக்கணக்கிற் கூடி, சிறையில் மாண்ட வடபகுதி வீரரின் புதைகுழிகளைச் செப்பனிட்டு மலர்சாத்தி வணங்கினர். அந்நிகழ்ச்சி நெடுங்காலம் மறக்கப்பட்டுக் கிடந்தது. இப்பொழுதுதான் அவ்விடத்திலும் ஒரு குறிப்புப் பலகை நிற்கின்றது.

பெயர் இருத்தலும் பெயர் அழிதலும்

போர் நினைவுக் கல்லின் உயிர், பெயர்ப்பட்டியலே. சிறிய ஊரில் ஒவ்வொரு பெயரும் அறிந்த பெயராக இருக்கும். வேர்ஜினியாவிலுள்ள பெட்போர்ட் என்னும் சிறு பட்டினத்தின் இளைஞர் பலர் ஒரே படைப்பகுதியிற் சேர்ந்திருந்தனர். அக்காலத் தேசியக் காவற்படை ஊர்வாரியாக ஆள் சேர்த்தமையே இதற்குக் காரணம். 1944ஆம் ஆண்டு யூன் 6ஆந் தேதி நோர்மண்டிக் கடற்கரையில் முதலில் இறங்கிய படைகளுள் அவர்களுடைய பகுதியும் ஒன்று. மூவாயிரத்துச் சொச்சம் மக்களே வாழ்ந்த அவ்வூரைச் சேர்ந்த ஏறத்தாழ இருபது இளைஞர் அன்று ஒரே நாளில் மாண்டனர். தந்திகள் அடுத்த மாதமே வந்து சேர்ந்தன. அவ்வூரின் துயரை முன்னிட்டே 2001இல் நோர்மண்டிப் போரின் தேசிய நினைவகம் பெட்போர்டில் அமைக்கப்பட்டது.

பெயர் பொறித்தல் இத்துணைப் பெருமை தருவதாயின், பொறித்த பெயரை அழித்தல் எத்தகையது? அதற்கு ஒரிகன் மாநிலத்திலுள்ள ஹூட் றிவர் சான்று பகரும். ஆப்பிளும் பெயரும் விளையும் பழத்தோட்டங்கள் நிறைந்தது அவ்வூர். அங்கே தோட்டஞ்செய்த யப்பானியக் குடும்பங்கள் பல இருந்தன. 1941இல் யப்பானோடு போர் மூண்டபின்னர், மேற்குக் கரையிலே வாழ்ந்த யப்பானிய வழித்தோன்றல்கள் ஏறத்தாழ 1,20,000 பேர் வீடுவாசல் விட்டு அகற்றப்பட்டு முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவ்வாறிருந்தும் அக்குடும்பங்களின் மைந்தர் பலர் அமெரிக்கப் படையிற் சேர்ந்து போரிட்டனர்.

ஹூட் றிவர் நீதிமன்றச் சுவரிலே, படையிற் சேர்ந்த ஊரவர் பெயர்கள் எழுதப்பட்டிருந்தன. 1944 நவம்பரில், அமெரிக்கன் லீஜன் எனப்படும் முன்னாட் போர்வீரர் சங்கத்தின் ஊர்க்கிளை, யப்பானிய வம்சத்தினர் பதினாறு பேரின் பெயர்களை அப்பட்டியலிலிருந்து நீக்கியது. அப்பதினாறு பேருள் பிராங்க் ஹச்சியா என்பவரும் ஒருவர். அவர் பிலிப்பைன் தீவுகளிலே எதிரியின் நிலையை அறியச் சென்றபோது சுடப்பட்டு, 1945ஆம் ஆண்டு சனவரியில் இறந்தார். எந்நாட்டுக்காக உயிர்விட்டாரோ அந்நாட்டிலே அவருடைய சொந்த ஊர்ச் சுவரில் அப்பொழுது அவர் பெயர் இல்லை!

செய்தி பரவியதும் பத்திரிகைகள் கண்டித்து எழுதின. போர்க்களத்திலிருந்த அமெரிக்க வீரரே சினந்து கடிதம் வரைந்தனர். சங்கத்தின் தலைமையும் வற்புறுத்தவே, 1945இன் இளவேனிற் காலத்தில் நீக்கிய பெயர்கள் மீண்டும் எழுதப்பட்டன. போர் முடிந்தபின் ஹச்சியாவின் உடல் ஹூட் றிவருக்குக் கொண்டுவரப்பட்டு அடக்கஞ் செய்யப்பட்டது.

பெயரை அழியாது, ஆனால் வேறாக எழுதிய ஊர்களும் உள. தென் கரோலினாவின் கிறீன்வூட் நகரிலே, இரு உலகப் போர்களிலும் இறந்தோரின் பெயர்கள் வெள்ளையர் என்றும் நிறத்தவர் என்றும் இரு பட்டியல்களாகப் பொறிக்கப்பட்டிருந்தன. மரணம் ஒன்றாக்கியவர்களை வெண்கலத் தகடு பிரித்து வைத்திருந்தது. நம் காலத்திலே ஊரவர் பணம் சேர்த்து அத்தகடுகளை மாற்ற முனைந்தபோது, சின்னங்களை மாற்றலாகாதெனத் தடுத்த 2000ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம் குறுக்கே நின்றது. முடிவில் எல்லாப் பெயர்களும் ஒரே அகரவரிசையில் அமைந்தன.

இவ்வகையிலே தலைநகராகிய வாஷிங்டனிலுள்ள வியட்நாம் போர் நினைவுச் சுவர் குறிப்பிடத்தக்கது. 1981இல் நடந்த போட்டியில் வந்த 1,400க்கு மேற்பட்ட வரைபடங்களுள் யேல் பல்கலைக்கழக மாணவி மாயா லின் வரைந்தது தெரிவாயிற்று. அப்பொழுது அவருக்கு வயது இருபத்தொன்று. 1982இல் திறந்துவைக்கப்பட்ட அக்கருங்கற் சுவரிலே 58,000க்கு மேற்பட்ட பெயர்கள் உள்ளன. பதவியும் இல்லை, இனமும் இல்லை. இழப்பு நேர்ந்த நாளின் வரிசையே அங்கு உண்டு. தளபதியும் சிப்பாயும் அருகருகே நிற்கின்றனர்.

ஒரு சொல்லின் நிறை

பெயரைப் போலவே சொல்லும் கனமுடையது. லூயிசியானா மாநிலத்தின் கொல்பக்ஸ் என்னும் ஊரை நோக்குவோம். உள்நாட்டுப் போருக்குப்பின் விடுதலைபெற்ற கறுப்பின மக்கள் வாக்குரிமையும் பெற்றனர். 1872ஆம் ஆண்டுத் தேர்தல் பிணக்கினைத் தொடர்ந்து, அவ்வூரின் நீதிமன்றத்தைக் கறுப்பினத்தவர் காத்துநின்றனர். 1873 ஏப்பிரல் 13ஆந் தேதி, உயிர்த்த ஞாயிறு தினத்தன்று, ஆயுதந்தாங்கிய வெள்ளையர் கூட்டம் பீரங்கியோடு வந்து அதனைத் தாக்கித் தீயிட்டது. சரணடைந்த பின்னரும் பலர் கொல்லப்பட்டனர். இறந்த கறுப்பினத்தவர் தொகையை அறுபது முதல் நூற்றைம்பது வரை பலவாறு கணிப்பர். இறந்த வெள்ளையர் மூவர். தண்டிக்கப்பட்ட சிலரும் 1876இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பினால் விடுதலையாயினர்.

1921இல் அவ்வூர் மயானத்திலே எழுந்த கற்றூண், இறந்த மூன்று வெள்ளையரையும் வெள்ளையர் மேலாட்சிக்காகப் போரிட்ட வீரரெனப் போற்றியது. 1950இல் மாநிலம் நிறுவிய வீதியோரப் பலகை, அந்நிகழ்ச்சியைக் 'கலகம்' என்று குறிப்பிட்டு, தெற்கிலே வடக்கத்தியாரின் முறைகேடான ஆட்சிக்கு அஃது முடிவு கட்டியது என்றும் எழுதியது. படுகொலை என்னும் சொல் அங்கு இல்லை. எழுபது ஆண்டுகள் அப்பலகை நின்றது. அவ்வழியே பள்ளிக்குச் சென்ற பிள்ளைகள், கொல்லப்பட்ட தம் முன்னோரையே கலகக்காரரென எழுத்துக்கூட்டி வாசித்திருப்பர் அன்றோ! 2021 மே மாதத்தில் அது அகற்றப்பட்டது. நிகழ்ச்சியின் நூற்றைம்பதாவது ஆண்டாகிய 2023 ஏப்பிரல் 13ஆந் தேதி, இறந்தோரின் பெயர் பொறித்த புதிய நினைவுக்கல் கொல்பக்ஸில் திறந்துவைக்கப்பட்டது. கலகம் என்ற இடத்திற் படுகொலை என்று எழுத நூற்றைம்பது ஆண்டு சென்றது.

சுடப்பட்ட பலகை

உண்மையை எழுதிவிட்டாற் போதாது. எழுதியதைக் காக்கவும் வேண்டும். சிக்காகோவிலிருந்து மிசிசிப்பி மாநிலத்துக்கு உறவினரைக் காணவந்த எம்மெற் ரில் என்னும் பதினான்கு வயதுச் சிறுவன், கடையிலிருந்த வெள்ளைப் பெண்ணை அவமதித்தான் என்ற குற்றச்சாட்டின்பேரில் 1955 ஓகஸ்ட் மாதத்திற் கடத்திக் கொல்லப்பட்டான். உடல் ரலஹச்சி ஆற்றில் மிதந்தது. குற்றஞ்சாட்டப்பட்ட இருவரையும் வெள்ளையர் மாத்திரமே இருந்த யூரர் சபை விடுவித்தது. சில மாதங்களின்பின், தாமே கொன்றதாக அவ்விருவரும் சஞ்சிகையொன்றுக்குக் கூறினர். மைந்தனின் சிதைந்த முகத்தை உலகம் காணட்டுமென்று சவப்பெட்டியைத் திறந்து வைத்த தாயின் துணிவு, கறுப்பினத்தவரின் உரிமைப் போராட்டத்துக்கு உரமூட்டியது.

அம்மாவட்டத்திலே வெள்ளையரும் கறுப்பினத்தவரும் கூடி அமைத்த குழு, 2007இல் நீதிமன்ற வாயிலிலே சிறுவனின் குடும்பத்தாரிடம் பகிரங்கமாக வருத்தந் தெரிவித்தது. 2008இல் ஆற்றங்கரையில் ஒரு பலகை நிறுவப்பட்டது. அது களவாடப்பட்டது. அதற்குப் பதிலாக வைத்த பலகை துப்பாக்கிக் குண்டுகளாற் சல்லடைக் கண்ணாக்கப்பட்டது. மூன்றாவது பலகையும் 2018இல் நிறுவிய சில வாரங்களிலே சுடப்பட்டது. 2019 ஒக்டோபரில் நான்காவது பலகை எழுந்தது. குண்டு துளைக்காத அவ்வுருக்குப் பலகையின் நிறை 500 இறாத்தலுக்கு மேல். 2023இல் அவ்விடம் தேசிய நினைவிடமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. வெறும் எழுத்துப் பலகையொன்றைச் சுடுவதற்கு இரவில் மனிதர் வருகின்றனரெனின், அவ்வெழுத்து இன்னும் உயிரோடிருக்கிறது என்பதே பொருள்.

ஊருக்காகக் காத்திருக்கும் தூண்கள்

அலபாமா மாநிலத்தின் மொண்ட்கோமரி நகரிலே, சமநீதி முயற்சி என்னும் தாபனம் 2018 ஏப்பிரலில் ஒரு நினைவாலயத்தைத் திறந்தது. விசாரணையின்றிக் கும்பலாற் கொல்லப்பட்ட 4,400க்கு மேற்பட்ட கறுப்பினத்தவர் அங்கே நினைவுகூரப்படுகின்றனர். அத்தகைய கொலை நிகழ்ந்த மாவட்டம் ஒவ்வொன்றுக்கும் ஒரு தூணாக, 800க்கு மேற்பட்ட உருக்குத் தூண்கள் உள்ளன. பலவற்றில் பெயர் அறியப்படாதவர் என்ற குறிப்பும் காணப்படும். மண்டபத்துக்கு வெளியே, அதே தூண்களின் இரட்டைப்படிகள் நிலத்தில் வரிசையாகக் கிடத்தப்பட்டிருக்கின்றன. அவ்வம் மாவட்டத்தார் வந்து தமக்குரிய தூணைக் கேட்டெடுத்து, தம் ஊரிலே நிறுத்தவேண்டும் என்பதே அமைத்தோரின் நோக்கம். கொலை நடந்த இடங்களில் ஊரவரோடு சேர்ந்து வீதியோரப் பலகைகள் நாட்டும் பணியையும் அத்தாபனம் செய்து வருகின்றது.

கல்லை வார்த்துக் கொடுக்கக் கம்பனி உண்டு. பலகைக்குப் பணம் கொடுக்க அரசு உண்டு. இது நம்முடைய கதை, இவர் நம்மவர் என்று ஏற்றுக்கொள்ளும் மனத்தை மாத்திரம் ஊரே கொடுத்தல் வேண்டும். கொன்கோட் பகைவனுக்கும் அதனைக் கொடுத்தது. ஹூட் றிவர் தன் மைந்தனுக்கே கொடுக்க மறுத்துப் பின்னர் கொடுத்தது. கொல்பக்ஸ் கொடுப்பதற்கு நூற்றைம்பது ஆண்டு தாமதித்தது.

நம் மாணவர் எந்நாட்டிலேனும் ஒரு நினைவுக் கல்லின்முன் நிற்க நேர்ந்தால் மூன்று வினாக்களை எழுப்புவாராக: இது எப்பொழுது நாட்டப்பட்டது? நாட்டியவர் யார்? இங்கே இருக்கவேண்டிய எந்தப் பெயர் இல்லை? முதலிரண்டுக்கும் விடை கல்லிலேயே இருத்தல் கூடும். மூன்றாவதற்கு விடை காண அவ்வூரின் முதியோரிடத்திலும் பழைய ஏடுகளிடத்திலும் செல்லவேண்டும். சரித்திரக் கல்வி அங்கேதான் தொடங்குகின்றது.